கால் கட் ஆன பிறகு கையில என்ன இருக்கு?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற சிஸ்டம் ஒண்ணு, செடி நோயைக் கண்டுபிடிக்கிற ஆப் ஒண்ணு, கண்டிப்பா ஒரு வீடியோ கான்ஃபரன்சிங் ஆப். "சிறு தொழில்களுக்கான மேகக் கணினி வழி காணொளிச் சந்திப்புத் தளம்"னு தலைப்பு இருக்கும். முதல் ரிவ்யூல ரெண்டு லேப்டாப்பைப் பக்கத்து பக்கத்துல வச்சு, ஒருத்தன் மூஞ்சி இன்னொருத்தன் ஸ்க்ரீன்ல தெரிஞ்சதும் கைதட்டிடுவோம். நானும் அந்த லிஸ்ட்ல இருக்கிறவதான், அதனால இது யாரையும் குத்திக் காட்ட எழுதினது இல்ல. "சிறு தொழில்"னு தலைப்புல போட்டோமே, அந்தச் சிறு தொழில் யாருது, எங்க இருக்கு, அவங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தர்கூட கேக்கலையேங்கிறதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

எனக்குத் தெரிஞ்ச சிறு தொழில் தலத்தெருவுல இருக்கு. என் அத்தையோட தையல் கடை. ரெண்டு மோட்டார் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், ஆரி வேலை செய்ய ஒரு சட்டம், கூட வேலை செய்ற ரெண்டு அக்காங்க. அவ்வளவுதான் கம்பெனி. ஆனா கஸ்டமர் பாதி பேரு வெளிநாட்டுல இருக்காங்க. காரைக்கால் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1954 நவம்பர் வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க ஆட்சியில இருந்த ஊர் இது. அந்த வழியில பிரெஞ்சுக் குடியுரிமையோட பாரீஸ் பக்கம் செட்டில் ஆன குடும்பங்க நிறைய. அங்க கல்யாணம், காதுகுத்துன்னா பட்டுப்புடவை இங்க வாங்கி, ப்ளவுஸ் இங்க தைச்சு, யாராவது ஊருக்கு வர்றவங்க பெட்டியில போகும். அளவு, கழுத்து, டிசைன் எல்லாம் வீடியோ கால்லதான் முடிவாகும்.

போன வருஷம் ஒரு கல்யாண ஆர்டர். பாரீஸ்ல பொண்ணு, இன்னொரு ஊர்ல அவங்க அக்கா, காரைக்கால்ல அவங்க அம்மா, கடையில அத்தை. நாலு முனையில நாலு பேரு, ஒரே கால். முக்கால் மணி நேரம் பேசினாங்க. பானைக் கழுத்தா போட் நெக்கா, பின் கழுத்து இறக்கம் எத்தனை இன்ச், நாட் வைக்கிறதா ஹூக் போதுமா எல்லாம் பேசியாச்சு. எல்லாரும் "சரி சரி"ன்னாங்க. கால் கட். அத்தை அளவு நோட்டுல பின் கழுத்து 9 இன்ச்னு எழுதி, துணியை வெட்டி, ஆரி வேலையும் முடிச்சாங்க.

ப்ளவுஸ் ரெடி ஆனதும் அம்மா வந்து பாத்தாங்க. "ஏழுதானே சொன்னோம்?"

ஒன்பதுன்னு சொன்னது அக்கா. ஏழுன்னு கடைசியில முடிவு பண்ணது பொண்ணு. நடுவுல சிக்னல் போய் வந்ததுல அத்தைக்கு எது கேட்டுச்சு, எது கேக்கலன்னு யாருக்கும் தெரியாது. பொய் யாரும் சொல்லல. ஆனா வெட்டின பட்டுத் துணியை ஒட்ட முடியாதே. ரெண்டு ப்ளவுஸ், துணிக்காசு, ஆரிக் கூலி எல்லாம் சேர்த்து 9000 ரூபாயை அத்தை கையிலிருந்து குடுத்தாங்க. அந்தக் கடைக்கு அது ரெண்டு வாரச் சம்பாத்தியம்.

அன்னைக்கு ராத்திரி அத்தை என்கிட்ட கேட்டாங்க: "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே பாப்பா, இந்த மாதிரி பேசுறதுக்கு நல்லதா ஒண்ணு செஞ்சு குடுக்கக் கூடாதா?"

சும்மா இருப்பேனா? ஆரம்பிச்சேன்.

முதல்ல, இந்த வீடியோ கால் உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். ரெண்டே பேருன்னா அவங்க ரெண்டு ஃபோனும் நேரடியாவே பேசிக்கலாம், நடுவுல பெருசா யாரும் தேவையில்ல. அஞ்சு பேரு ஆனா கதை மாறும். ஒவ்வொருத்தரும் மத்த நாலு பேருக்கும் தனித்தனியா படம் அனுப்பணும். மொத்தம் இருபது ஓட்டம். நம்ம ஃபோனும் நெட்டும் அதைத் தாங்காது. அதனால நடுவுல ஒரு சர்வர் வைக்கிறாங்க. நீங்க உங்க படத்தை ஒரே ஒரு தடவை அதுக்கு அனுப்பினா போதும். மத்தவங்களுக்குப் பங்கு போட்டு அனுப்புறது அதோட வேலை. வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டு போய்க் குடுக்கிறதுக்கும், எல்லாரும் ஒரே மண்டபத்துல பந்தியில உக்கார்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறதைத்தான் நாம க்ளவுட்னு சொல்றோம்.

இதுக்கு அடிப்படையான வெப்ஆர்டிசி நுட்பத்தை 2011ல கூகுள் எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு. அதை வச்சு ஓடுற ஜிட்சிங்கிற மென்பொருள் பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்துல 2003ல ஒரு மாணவர் ப்ராஜெக்டா ஆரம்பிச்சது. மாணவர் ப்ராஜெக்ட்! அதையும் கவனிங்க. பின்னாடி அதைப் பத்தி வர்றேன்.

நான் ஒரு சின்ன க்ளவுட் சர்வர் வாடகைக்கு எடுத்து, ஜிட்சியை ஏத்தி, அத்தை கடைப் பேர்ல ஒரு முகவரி வாங்கினேன். ஒரு சனி, ஒரு ஞாயிறு, முடிஞ்சிடுச்சு. லிங்க்கைத் தட்டினா கால். ஆப் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ப்ரவுசர் போதும். ஸ்டேட்டஸ்ல போட்டேன், நாலு பேரு ஃபயர் விட்டாங்க. பெருமையா இருந்துச்சு.

மூணு மாசம் ஓடுச்சு. அப்புறம் செமஸ்டர் எக்ஸாம் வந்துச்சு.

பாதுகாப்பான முகவரிக்கு ஒரு சான்றிதழ் வேணும்னு உங்களுக்குத் தெரியும். நான் போட்ட இலவசச் சான்றிதழ் 90 நாள் வரைக்கும்தான் செல்லும். அதுவா புதுப்பிச்சுக்கும், அப்படித்தான் செட் பண்ணியிருந்தேன். ஆனா "பாதுகாப்பு"ன்னு சொல்லி நடுவுல ஒருநாள் சர்வர்ல ஒரு கதவை மூடி வச்சேன். அந்தக் கதவு வழியாத்தான் புதுப்பிப்புச் சோதனை உள்ள வரணும். 91ஆம் நாள், பாரீஸ்ல இருந்து ஒரு கஸ்டமர் லிங்க்கைத் தட்டினாங்க. "இந்தத் தளம் பாதுகாப்பானது இல்ல, உங்க தகவலைத் திருடலாம்"னு ப்ரவுசர் பெருசா எச்சரிச்சிருக்கு. அவங்க பயந்து போய் அத்தைக்கு ஃபோன் போட்டு, "உங்க நம்பரை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல, நான் காசு அனுப்ப மாட்டேன்"னுட்டாங்க. எனக்கு மறுநாள் எக்ஸாம். ஃபோன் சைலண்ட்ல கிடந்துச்சு. அத்தை ஆறு தடவை கூப்பிட்டிருக்காங்க.

ஒரு வரி கமாண்ட்ல சரி பண்ற விஷயம் அது. ஆனா அந்த ஒரு வரி தெரிஞ்ச ஆளு கடையில இல்ல. ஜூன்ல நான் வேலைக்குப் போயிட்டா ஊர்லயே இருக்க மாட்டேன். அப்போ அந்தக் கடையோட கூரையை என் தோள் மேல நிறுத்தி வச்சிருக்கேன்னுதானே அர்த்தம்?

இங்கதான் என் முதல் கருத்து. சிறு கடைக்கு நாமளே சர்வர் கட்டிக் குடுக்கிறது உதவி இல்ல, பல சமயம் கடன். கட்டுறதுக்கு நமக்கு மார்க் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு அதைப் பார்த்துக்கிறதுக்கு மார்க்கே கிடையாது. பார்த்துக்கிற ஆள் இல்லாததைக் கட்டாதீங்க.

சரி, அப்போ கம்பெனிகள் குடுக்கிறதை வாங்கிக்கலாமா? வாங்கலாம். ஆனா கண்ணைத் திறந்துகிட்டு வாங்கணும்.

2020 லாக்டவுனை நினைச்சுப் பாருங்க. ஜூம்ல 2019 டிசம்பர்ல ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 கோடிப் பேர் சேர்ந்துகிட்டிருந்தாங்க. 2020 மார்ச்ல அது 20 கோடி ஆச்சு. நாம அப்போ ஸ்கூல் பசங்க, மைக் ம்யூட் பண்ணிட்டுத் தூங்கினோம். அதே ஏப்ரல்ல நம்ம உள்துறை அமைச்சகம் 'இது பாதுகாப்பான தளம் இல்ல'ன்னு எச்சரிக்கை விட்டு, பாஸ்வேர்ட் போடுங்க, காத்திருப்பு அறை வைங்க, வேண்டாதவங்க வராம மீட்டிங்கைப் பூட்டுங்கன்னு சொல்லுச்சு. முழுக்க முழுக்கப் பூட்டின கால்னு விளம்பரம் பண்ணது அப்படி இல்லைன்னு தெரிய வந்து, அந்த வருஷம் நவம்பர்ல அமெரிக்க வணிக ஆணையத்தோட ஜூம் ஒரு சமரச உடன்பாட்டுக்கு வந்துச்சு. அப்புறம் நிறைய சரி பண்ணிட்டாங்க. நான் சொல்ல வர்றது, விளம்பரத்துல உள்ள வார்த்தையும் உள்ளே ஓடுற கோடும் எப்பவும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

அதே 2020ல மத்திய அரசு இந்தியத் தயாரிப்பா ஒரு காணொளித் தளம் வேணும்னு போட்டி வச்சாங்க. ஏறக்குறைய 2000 விண்ணப்பம் வந்துச்சு. ஜெயிச்சது பெங்களூரும் இல்ல, ஹைதராபாத்தும் இல்ல. கேரளாவுல ஆலப்புழா பக்கம் சேர்த்தலையில இருக்கிற டெக்ஜென்ஷியாங்கிற சின்ன கம்பெனி. தளத்தோட பேர் விகன்சால். பரிசு 1 கோடி ரூபாய். அதை நடத்துற ஜாய் செபாஸ்டியன் மீனவக் குடும்பத்துல பிறந்தவர். கடலோரச் சின்ன ஊர்ல இருந்து செய்ய முடியுமாங்கிற கேள்விக்கு அங்க பதில் கிடைச்சாச்சு. இந்தப் பக்கம் தென்காசி மத்தளம்பாறையில ஆபீஸ் போட்ட ஜோஹோவும் மீட்டிங் தளம் வச்சிருக்காங்க. அவங்களோட அரட்டை ஆப் 2025 செப்டம்பர்ல திடீர்னு எல்லார் ஃபோன்லயும் ஏறினப்போ, நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் ஒரு வாரம் அதுலதான் இருந்தாங்க.

எனக்கும் பெருமைதான். ஆனா கடைக்கு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது 'நம்ம ஊர்க்காரன் செஞ்சது'ங்கிறது முதல் கேள்வியா இருக்கக் கூடாது. அந்த அரட்டையிலயே அப்போ காலுக்கு முழுப் பூட்டு இருந்துச்சு, எழுதுற மெசேஜுக்கு இல்ல. இதைக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டவங்க எத்தனை பேரு? அமெரிக்கக் கம்பெனியா இருந்தாலும் தமிழ்நாட்டுக் கம்பெனியா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்.

என் கேள்விகள் நாலு. தலத்தெரு கடையில கத்துகிட்டது.

ஒண்ணு: கஸ்டமர் சேர்றதுக்கு எத்தனை தட்டு? அறுபது வயசு அம்மா புதுசா ஆப் இறக்கி, மெயில் போட்டு, ஓடிபி வாங்கி உள்ள வரணும்னா வர மாட்டாங்க. பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க.

ரெண்டு: படம் போனாலும் குரல் நிக்குமா? கணக்கு போட்டுப் பாருங்க. நொடிக்கு 1 மெகாபிட்னு ஓடுற வீடியோ, ஒரு மணி நேரத்துல ஒரு பக்கத்துக்கு 450 எம்பி. போறதும் வர்றதும் சேர்த்தா 900 எம்பி. ஒரு நாள் டேட்டா பேக்ல பெரும்பகுதி காலி. குரல் மட்டும்னா, நொடிக்கு 40 கிலோபிட் போதும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம் 18 எம்பிதான். அதனால துணி காட்டுறப்போ மட்டும் கேமரா, மத்த நேரம் குரல். மழை நாள்லயும் கரண்ட் போன நாள்லயும் இந்தப் பழக்கம்தான் கடையைக் காப்பாத்துது. டெல்டாக் கரையில அந்த நாள் எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்.

மூணு: கணக்கு யார் பேர்ல? அத்தை கடை மெயில் ஐடி ஆரம்பத்துல என் ஃபோன் நம்பர்ல இருந்துச்சு. எத்தனை கடைகள்ல இப்படி மருமகன் நம்பர், பக்கத்து வீட்டுத் தம்பி நம்பர்! அந்தத் தம்பி துபாய் போயிட்டா கடையோட கணக்கும் கூடவே ஃப்ளைட் ஏறிடும்.

நாலு, இதுதான் முக்கியம்: கால் கட் ஆன பிறகு கையில என்ன இருக்கு? பெரிய கம்பெனியில மீட்டிங் முடிஞ்சா ஒருத்தர் மெயில் போடுவாரு, "இன்னது பேசினோம், இன்னது முடிவு"ன்னு. அங்க அதுக்குன்னு ஆள் இருக்கு. அத்தை கடையில கால் முடிஞ்சா எதுவும் மிஞ்சாது. ஒரு மனுஷியோட ஞாபகமும், அவசரமா எழுதின ஒரு "9"ம் மட்டும்தான். அந்த 9000 ரூபாய் போனதுக்குக் காரணம் படம் தெளிவா இல்லாததும் இல்ல, சர்வர் தூரமா இருந்ததும் இல்ல. முடிவு எங்கயும் எழுதப்படல. நான் ரெண்டு நாள் உக்காந்து கட்டின சர்வரும் அதை எழுதித் தரல. தப்பான பிரச்சினைக்குச் சரியான கோட் எழுதியிருக்கேன்.

"அக்கா, வாட்ஸ்அப் இருக்கே, இதுக்கு எதுக்கு இவ்வளவு?"ன்னு ஜூனியர் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு நான் சொன்ன பதில்: ஆமா, வாட்ஸ்அப் போதும். தலத்தெருவுல பத்துல ஒன்பது கடைக்கு அது போதும். ஏன்னா கஸ்டமர் ஏற்கனவே அதுலதான் இருக்காங்க. முதல் கேள்வியில அது ஜெயிச்சிடுது. நாங்களும் கடைசியில சர்வரை நிறுத்திட்டு அதுக்குத்தான் திரும்பினோம். ஆனா பழக்கத்தை மாத்தினோம்.

இப்போ கடையில நடக்கிறது இதுதான். கடைக்குத் தனி நம்பர், அத்தை பேர்ல. நேரம் குறிக்கும்போது ரெண்டு ஊர் நேரத்தையும் எழுதுறோம். பிரான்ஸ் நமக்குக் கோடையில மூணரை மணி நேரம் பின்னாடி, அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் நாலரை மணி நேரம். இது தெரியாம ஒரு கஸ்டமரை ஒரு மணி நேரம் காக்க வச்ச அனுபவமும் உண்டு. கால் முடிஞ்சதும் அத்தை அளவுச் சீட்டு ஒண்ணை எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்புவாங்க: கழுத்து, இறக்கம், கை நீளம், நாட் உண்டா இல்லையா, கூலி, என்னைக்குத் தரணும். கஸ்டமர் "சரி"ன்னு பதில் போட்டாத்தான் கத்தரி துணியைத் தொடும். மாசக் கடைசியில அந்தச் சீட்டெல்லாம் கடை மெயில்ல இருக்கிற க்ளவுட் சேமிப்புல ஏறும். ஃபோன் தண்ணியில விழுந்தாலும் சீட்டு இருக்கும். செலவு? ஒரு சிம் ரீசார்ஜ்.

அதுக்காகப் பெரிய மீட்டிங் தளமே வேண்டாம்னு நான் சொல்லல. காரைக்கால்ல தொழில் பண்றவங்களுக்கு நிறைய வேலைக்குத் தலைநகர் புதுச்சேரிதான். நடுவுல தமிழ்நாட்டைத் தாண்டி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஒரு கையெழுத்துக்கும் ஒரு விசாரணைக்கும் ஒரு நாள் கடை மூடணும். மறைமுக வரி வழக்குகள்ல நேர்முக விசாரணையைக் காணொளியில நடத்தச் சொல்லி மத்திய வாரியம் 2020 ஆகஸ்ட்லயே அறிவுறுத்தல் குடுத்தாச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் காணொளி விசாரணைக்கு வழி விட்டிருக்கு. ஆனா அதுல உக்காந்து, ஸ்க்ரீன்ல பில்லைக் காட்டி, ம்யூட் எடுத்துப் பேசுறதுக்கு நம்ம கடைக்காரங்களுக்குப் பழக்கம் வேணும். அதை யார் சொல்லிக் குடுக்கிறது? நாமதான். ஆன்லைன் க்ளாஸ்ல இருந்தும் இல்லாம இருக்கிறது எப்படின்னே கத்துகிட்ட தலைமுறை நாம.

அதனால ரெண்டு கோரிக்கை.

உங்ககிட்ட ஒண்ணு. இந்த செம் லீவுல உங்க தெருவுல ஒரு கடையைத் தேர்ந்தெடுங்க. லேத் பட்டறையா இருக்கலாம், டியூஷன் எடுக்கிற டீச்சரா இருக்கலாம், ஐஸ்பெட்டியில மீன் அனுப்புற அண்ணனா இருக்கலாம். லேப்டாப் எடுத்துட்டுப் போகாதீங்க. ஒரு நாள் முழுக்க சும்மா உக்காருங்க. அவங்க யார்கூட ஃபோன்ல பேசுறாங்க, பேசி முடிச்சதும் எதுல எழுதுறாங்க, எது தொலையுதுன்னு பாருங்க. கணக்கு உங்க நம்பர்ல இருந்தா அவங்க பேருக்கு மாத்திக் குடுங்க. அது ஒண்ணே பெரிய உதவி.

துறைகிட்ட ஒண்ணு. புதுசா கட்டுறதுக்கு மட்டும் மார்க் குடுக்காதீங்க. இருக்கிற ஒரு கருவியை ஒரு கடையில மூணு மாசம் தடையில்லாம ஓட வச்சு, என்னென்ன உடைஞ்சது, எப்படிச் சரி பண்ணோம், நாங்க போன பிறகு யார் பார்த்துக்குவாங்கன்னு எழுதிக் குடுத்தா அதையும் ஃபைனல் இயர் ப்ராஜெக்டா ஏத்துக்குங்க. ஜிட்சி ஒரு மாணவர் ப்ராஜெக்ட்னு சொன்னேன் இல்லையா? அது இன்னைக்கும் உயிரோட இருக்கிறதுக்குக் காரணம், 2003ல ஒருத்தர் ஆரம்பிச்சது மட்டும் இல்ல. இருபது வருஷத்துக்கு மேல யாரோ ஒருத்தர் அதை விடாம பார்த்துக்கிட்டே இருக்காங்க. காலேஜ்ல ஜூனியருங்க தொடர்ந்து வருவாங்க, அதனால சர்வர் கட்டிப் பழக ஆசைன்னா காலேஜுக்கே ஒண்ணு கட்டுங்க. ஒரு பேட்ச் போனா அடுத்த பேட்ச் கையில சாவியைக் குடுங்க. கடை வாசல்ல போய்ப் பழகாதீங்க.

போன வாரம் அத்தை கடைக்குப் போயிருந்தேன். பாரீஸ்ல இருந்து கால். மூணு பேரு ஒரே நேரத்துல பேசுறாங்க, படம் திக்கித் திக்கி வருது. அத்தை பதறல. "கேமராவை அமத்துங்கம்மா, குரல் போதும். சீட்டு அனுப்புறேன், பாத்துட்டு சரின்னு போடுங்க, அப்புறம்தான் வெட்டுவேன்"னாங்க.

கட் பண்ணிட்டு என்னைப் பார்த்தாங்க. "உன் சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா. ஆனா இது எனக்கே தெரியுது."